நொச்சி சூடிய நகரம்

புறநானூற்றின் 47 ஆம் செய்யுள் ஒரு புலவனின் உயிரை மீட்ட செய்யுள். சோழர் குடியிற் பிறந்த இருவர் தம்முட் பகைத்து நின்ற காலம் அது. நலங்கிள்ளியிடமிருந்து புறப்பட்டு உறையூருக்குட் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை, அங்கிருந்த நெடுங்கிள்ளி, பகைவர் விடுத்த ஒற்றன் என ஐயுற்றுக் கொல்லத் துணிந்தான். கோவூர்கிழார் இடையிலே புகுந்தார். பறவைபோல நெடுவழி கடந்து வள்ளல்களை நாடிச் செல்வது பரிசிலர் வாழ்வு. பிறர்க்குத் தீங்கு நினையாத வாழ்வு அது என்று எடுத்துரைத்தார். இளந்தத்தன் பிழைத்தான்.

பண்டித வகுப்பிலே இச்செய்யுளைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவருள் ஒருவராவது ஒரு கேள்வி கேட்பதுண்டு. அரசன் செவிசாய்க்காதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? பழைய உரைகாரர் இதற்கு விடை கூறினாரல்லர். அவர்க்கு அதற்குத் தேவையும் இருக்கவில்லை. விடையை நான் சங்க நூல்களுக்கு வெளியே, இருபதாம் நூற்றாண்டு வரலாற்றிலே, ருஷ்யாவின் வடபுலத்து நகரம் ஒன்றிலே கண்டேன். அந்நூற்றாண்டிலே யுத்தமும் அரசியலும் கலையை என்ன செய்தன என்று அறிய விரும்புவோர், பத்து நாடுகளை மேலெழுந்தவாரியாகப் பார்ப்பதிலும், அந்த ஒரு நகரத்தை நின்று பார்ப்பது நன்று.

அந்நகரத்தின் பெயரே முதற் சான்று. பேரரசன் பீற்றர் கட்டிய சென். பீற்றர்ஸ்பேர்க், 1914 ஆம் ஆண்டு ஜெர்மனியோடு போர் மூண்டபோது, அப்பெயரில் ஜெர்மன் வாடை வீசுகிறது என்று பெற்றோகிராட் ஆக்கப்பட்டது. 1924 இலே லெனின் மறைந்தபின் லெனின்கிராட் ஆயிற்று. 1991 இலே மீண்டும் பழைய பெயரையே பூண்டது. ஒருவர் ஒரே வீட்டில் இருந்துகொண்டே மூன்று நகரங்களிலே வாழ்ந்துவிடலாம்.

அங்கே வாழ்ந்த கவிஞர் அன்னா அக்மத்தோவா. 1889 இலே பிறந்தவர். தந்தையார் பெயர் கொரென்கோ. மகள் கவிதை எழுதிக் குடும்பப் பெயரைக் கெடுத்துவிடுவாள் என்று தந்தையார் அஞ்சினமையால், தாய்வழியிலே முன்னோர் ஒருவருடையதென்று கருதப்பட்ட தாத்தாரியப் பெயரைத் தம் புனைபெயராக்கிக்கொண்டார். 1912 இலே முதல் நூல் வெளிவந்தது. 1914 இலே வந்த இரண்டாவது நூல் அவரைப் புகழின் உச்சியிலே வைத்தது. நம் மரபிலே சொல்வதாயின், அவை பெரும்பாலும் அகப்பாட்டுக்கள். பிரிவு, ஊடல், காத்திருத்தல் என்பனவே பொருள்; சிறிய அடிகள், அடக்கமான சொற்கள். ருஷ்ய மொழி நான் அறியேன். ஆங்கில மொழிபெயர்ப்பு வாயிலாக அறிந்தவற்றைக் கொண்டே பேசுகிறேன். ஓசை நீங்கிய பின்னும் நிற்கின்ற கவிதை என்றால், அதன் பொருளிலே வலிமை இருந்தாக வேண்டும்.

அவருடைய முதற் கணவர் நிக்கொலாய் குமில்யோவும் கவிஞர். இருவரும் 1918 இலே மணவிலக்குப் பெற்றனர். 1921 ஓகஸ்ட் மாதம், புரட்சி அரசுக்கு எதிரான சதி ஒன்றிலே பங்குகொண்டார் என்னும் குற்றச்சாட்டின்மேல் குமில்யோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். இளந்தத்தனுக்கு நேராதது இவருக்கு நேர்ந்தது. அக்குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்று அந்நாடு ஒப்புக்கொள்ள ஏறத்தாழ 70 ஆண்டுகள் சென்றன.

அதன் பின்னர் அக்மத்தோவாவின் வாய் மெல்ல மெல்ல அடைக்கப்பட்டது. வெளிப்படையான கட்டளை எதுவும் இல்லை. ஆயினும் 1925 முதல் 1940 வரை அவருடைய கவிதை நூல் ஒன்றேனும் அந்நாட்டில் அச்சேறவில்லை. அகப்பாட்டுப் பாடுவோர் புதிய சமுதாயத்துக்கு வேண்டாதவர் என்பது அரசின் எண்ணம். குமில்யோவுக்கும் அவருக்கும் பிறந்த மகன் லேவ். தந்தையின் பெயரைத் தாங்கியிருந்ததே அந்த இளைஞனுக்குப் பெரும் பகையாயிற்று. 1935 இலே கைதாகி, தாய் ஸ்ராலினுக்கு எழுதிய கடிதத்தின் பின் விடுதலையானான். 1938 இலே மீண்டும் கைதானான்.

லெனின்கிராட்டிலே நேவா ஆற்றங்கரையில் கிரெஸ்தி என்னும் செங்கற் சிறை இருக்கிறது. கட்டடங்கள் சிலுவை வடிவில் அமைந்தமையால் வந்த பெயர் அது. அதன் மதிலுக்கு வெளியே பெண்கள் வரிசையாக நிற்பார்கள். மகனுக்கோ கணவனுக்கோ சிறிது பணமோ ஒரு பொதியோ கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டால் ஆள் உயிரோடிருக்கிறான் என்று பொருள். வாங்க மறுத்தால் வேறு பொருள். அக்மத்தோவா தாம் பதினேழு மாதங்கள் இத்தகைய வரிசைகளில் நின்றதாகப் பின்னர் எழுதினார். ஒருநாள் வரிசையில் நின்ற, குளிரால் உதடு நீலம்பாரித்த ஒரு பெண், அவரை இன்னார் என்று அறிந்து, இதனை உன்னால் எழுத முடியுமா என்று காதோடு காதாகக் கேட்டாள். முடியும் என்றார் அவர். அகப்பாட்டுப் புலவர் புறப்பாட்டுப் புலவர் ஆனது அவ்விடத்திலே. அங்கே பிறந்ததுதான் 'இரங்கற்பா' என்று நாம் பெயர்க்கத்தக்க 'றெக்குவியம்'. பெரும்பகுதி 1935 இற்கும் 1940 இற்கும் இடையிலே பாடப்பட்டது.

பாடப்பட்டது என்றேன், எழுதப்பட்டது என்று சொல்லவில்லை. இவ்விடத்திலே சற்று நின்று செல்ல வேண்டும்.

அக்காலத்திலே அத்தகைய கவிதை வீட்டிலிருந்து அகப்படின் அது எழுதியவருக்கு மாத்திரமன்றிச் சிறையிலிருந்த மகனுக்கும் நஞ்சாகும். ஆதலால் தாளில் வைக்கக் கூடாது. தம் நினைவை மட்டும் நம்பவும் முடியாது. தாமே சிறைப்பட்டால் கவிதையும் உடன் போய்விடும். எனவே நம்பிக்கைக்குரிய நண்பர் சிலருடைய நெஞ்சிலே அதனைப் பகிர்ந்து வைத்தார். அவர்களுள் ஒருவரான லிதியா சுக்கோவ்ஸ்கயா தம் குறிப்பேட்டிலே அக்காட்சியை வருணித்திருக்கிறார். அவரும் கணவரை இழந்தவர். பௌதிக அறிஞரான அக்கணவர் 1938 இலே சுடப்பட்டார். சுவரிலே ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கலாம் என்ற அச்சம் எப்போதும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே அக்மத்தோவா சட்டென நிறுத்துவார். கண்ணாலே கூரையைச் சுட்டுவார். ஒரு துண்டுத் தாளை எடுத்துக்கொண்டு, தேநீர் அருந்துகிறீர்களா என்பது போன்ற ஒரு வெற்றுரையை உரக்கச் சொல்வார். சொல்லிக்கொண்டே விரைவாக எழுதி நீட்டுவார். வந்தவர் ஓசையின்றிப் படித்து, மனத்திற் பதித்து, தாளைத் திருப்பிக் கொடுப்பார். நெருப்புக்குச்சி கிழிக்கப்படும். சாம்பற் கிண்ணத்தின்மேல் தாள் எரியும்.

ஏகசந்தக்கிராகி என்று ஒரு சொல் நம்மிடம் உண்டு. ஒருமுறை கேட்ட அளவிலே பாடங்கொள்ளுபவர் என்று பொருள். அச்சொல்லை நாம் புலவர்களின் ஆற்றலைப் புகழ வழங்கி வந்தோம். லெனின்கிராட்டிலோ அது உயிர்காக்கும் கடமையாய் இருந்தது. பத்துப் பதினொருவர் நெஞ்சிலே அக்கவிதை முழுவதும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. அவர்களுள் எவரும் காட்டிக்கொடுக்கவில்லை. இக்காலத்துக் கல்வியியலார் சிலர் மனனஞ் செய்வித்தலை அறிவுக்குப் பகை என்பர். கிளிப்பிள்ளைப் பாடம் என்று நகைப்பர். மனனம் சிந்தனைக்கு மாற்றாகும்போது அவர் கூற்று முற்றிலும் சரி. ஆனால் அச்சியந்திரம் முழுவதும் அரசின் கையிலே இருக்கும் நாட்டில், மனிதனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே நூலகம் எது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கவிதையின் வடிவத்தையும் இது தீண்டியது என்பது என் கருத்து. 'றெக்குவியம்' நெடும்பாட்டன்று, சிறு சிறு பாட்டுக்களாகத் தொடுத்த மாலை. ஒரு துண்டுத் தாளிலே ஒரு பாட்டு அடங்கும். ஒருமுறை படித்தால் நெஞ்சிலே நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் பெருந்துயர் ஒன்றைப் பாடிய நூல், சிறைக்கைதி ஒளித்து வைக்கும் பொருள்போல மடக்கத்தக்க அளவிலே அமைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இம்முறைக்கும் ஆபத்து உண்டு. அவருடைய நண்பரான ஒசிப் மன்டெல்ஷ்டாம், 1933 இலே ஸ்ராலினை எள்ளிப் பாடிய சிறு கவிதையைத் தாளிலே எழுதாமல், நண்பர் சிலர்க்கு வாயாற் சொன்னார். கேட்டவருள் எவரோ போய்ச் சொன்னார். 1934 மே மாதத்திலே, அக்மத்தோவா அவர் வீட்டிலே விருந்தினராய் இருந்தபோதே, கைது செய்ய வந்தனர். அக்கவிதையை அவர் முதன்முதலாகத் தம் கையால் எழுதியது விசாரணை அதிகாரியின் முன்னிலையிலே. 1938 டிசெம்பரிலே விளாடிவொஸ்ரொக் அருகே ஒரு முகாமில் இறந்தார். அவருடைய பிற்காலக் கவிதைகளை மனைவி நதேஷ்தா ஊர் ஊராய் அலைந்து நெஞ்சிலே சுமந்து காத்தார்.

இசைவாணர் நிலையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். அந்நகரத்திலே பிறந்த டிமித்ரி ஷொஸ்டகோவிச் இயற்றிய இசைநாடகம் ஒன்று 1934 முதல் இரண்டாண்டு பெரும் வரவேற்புடன் நடந்தது. 1936 ஜனவரி 26 ஆம் நாள் ஸ்ராலின் அதனைப் பார்க்க வந்து, முடியுமுன்னே எழுந்து சென்றார். இரண்டு நாள் கழித்து 'பிராவ்தா' பத்திரிகை, கையொப்பம் இல்லாத கட்டுரை ஒன்றிலே, அது இசையன்று, குழப்பம் என்று தீர்ப்பளித்தது. ஷொஸ்டகோவிச் அப்போது இயற்றிக்கொண்டிருந்த நான்காம் சிம்பனியை, ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே மீளப் பெற்றுக்கொண்டார். 1961 டிசெம்பர் வரை, கால் நூற்றாண்டு, அதனை எவரும் கேட்கவில்லை.

இனி யுத்தம்.

மதிலை முற்றுவோர்க்கு உழிஞைப் பூவும், காப்போர்க்கு நொச்சிப் பூவும் உரியன என்று பிரித்தது புறப்பொருள் வெண்பாமாலை. தொல்காப்பியர் அவ்வாறு பிரிக்காமல் இரண்டையும் உழிஞையிலேயே அடக்கினார். எது பொருத்தம் என்பது வேறு வாதம். ஹிற்லரின் படை லெனின்கிராட்டின் தரைவழியை முற்றாக அடைத்தது 1941 செப்டெம்பர் 8 ஆம் நாள். முற்றுகை நீங்கியது 1944 ஜனவரி 27 ஆம் நாள். 872 நாள் அந்நகரம் நொச்சி சூடியிருந்தது.

ஆவூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த நெடுங்கிள்ளியிடம், கவளமின்றி வருந்தும் யானைகளையும் பாலின்றி அழும் குழந்தைகளையும் காட்டிக் கோவூர்கிழார் இடித்துரைத்த பாட்டொன்றும் புறநானூற்றிலே உண்டு. முற்றுகையின் முதல் ஆயுதம் பசி என்பதை அவர் அறிந்திருந்தார். லெனின்கிராட்டிலே 1941 நவம்பர் 20 முதல் டிசெம்பர் 25 வரை, உடலுழைப்புத் தொழிலாளர் அல்லாதார்க்கும் குழந்தைகட்கும் ஒரு நாளைக்குக் கிடைத்தது 125 கிராம் பாண். நம்மூர் இறாத்தற் பாணிலே நான்கிலொரு பங்குக்குச் சற்று மேல். அதிலும் மாவல்லாத கலப்புப் பெரும்பகுதி. இறந்தோர் எத்தனை பேர் என்பதிலே கணக்குகள் வேறுபடுகின்றன. பல இலட்சம் பொதுமக்கள் என்பதிலே ஐயமில்லை. பெரும்பாலோர் பசியால் மாண்டனர்.

அந்நகரத்திலே பொது நூலகம் திறந்திருந்தது. ஒரு நாடக அரங்கும் இயங்கியது. வீடுதோறும் கம்பிவழி வானொலிப் பெட்டி இருந்தது. நிகழ்ச்சி இல்லாத வேளைகளிலே மெற்றோனோம் என்னும் தாளங்காட்டும் கருவியின் ஓசையை ஒலிபரப்பினார்கள். மெதுவாக அடித்தால் அமைதி. விரைந்து அடித்தால் விமானம் வருகிறது. ஒரு நகரத்தின் நாடித்துடிப்பு அது. படுக்கையிலே எழமாட்டாது கிடந்தோரும், நகரம் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதை அதனாலே அறிந்துகொண்டனர்.

அந்த வானொலியிலே இடைவிடாது ஒலித்த குரல் ஓல்கா பெர்கோல்ட்ஸ் என்னும் கவிஞருடையது. யார் இவர்? 1938 டிசெம்பரிலே இதே அரசாலே கைது செய்யப்பட்டு, சிறையிலே வயிற்றுப் பிள்ளையை இழந்து, 1939 இலே விடுவிக்கப்பட்டவர். முதற் கணவர் கவிஞர் கோர்னிலோவ். 1938 இலே சுடப்பட்டார். இரண்டாங் கணவர் முற்றுகையின் முதற் குளிர்காலத்திலே பசியால் இறந்தார். அத்தகைய பெண்மணி ஒலிவாங்கியின் முன் இருந்து, வீர முழக்கம் செய்யாமல், அண்டை வீட்டுப் பெண்ணோடு பேசுமாப்போலப் பாணையும் பனியையும் பிணத்தையும் பற்றிப் பேசினார். மக்கள் அவரை நம்பினர்.

அக்மத்தோவாவும் அழைக்கப்பட்டார். பதினைந்து ஆண்டு நூல் வெளியிட விடாத அரசு, 1941 செப்டெம்பரிலே நகரப் பெண்களோடு வானொலியிலே பேசும்படி அவரை வேண்டிற்று. அம்மாத இறுதியிலே விமானத்திலே நகரை விட்டு அனுப்பப்பட்டுத் தாஷ்கென்ற் சென்று சேர்ந்தார். 1942 மார்ச் 8 ஆம் நாள் அவருடைய 'தைரியம்' என்னும் கவிதை 'பிராவ்தா'விலே வெளிவந்தது. ஷொஸ்டகோவிச்சின் இசையைக் குழப்பம் என்ற அதே பத்திரிகை. அக்கவிதை நிலத்தைக் காப்பதையன்று, ருஷ்ய மொழியைக் காப்பதைப் பற்றியது. மொழியை அடிமைப்படாமல் பேரர்க்குக் கையளிப்போம் என்பது கருத்து. அதனை அச்சிட்டோர்க்கு மொழியின் பகைவர் ஹிற்லர் மட்டுமே. பாடியவர்க்கும் அவ்வளவுதானா என்பதை வாசகர்கள் தாமே எண்ணிக்கொள்க.

ஷொஸ்டகோவிச் ஏழாம் சிம்பனியை முற்றுகைக்குட்பட்ட நகரிலேயே தொடர்ந்து இயற்றினார். இசைக் கல்லூரிக் கூரையிலே தீயணைப்புத் தொண்டராகவும் நின்றார். மூன்று பகுதிகள் முடிந்தபின் ஒக்டோபர் தொடக்கத்திலே வெளியே கொண்டுசெல்லப்பட்டு, குயிபிஷெவ் நகரிலே டிசெம்பர் 27 ஆம் நாள் நிறைவுசெய்தார். 1942 மார்ச் 5 இலே அங்கே அரங்கேறியது. இசைக்குறிப்பு நுண்படச் சுருளாக்கப்பட்டுத் தெஹ்ரான் வழியாகவும் கெய்ரோ வழியாகவும் அமெரிக்கா சென்றது. ஜூலை 19 இலே ரொஸ்கனினி நியூயோர்க் வானொலியிலே அதனை இசைப்பித்தார்.

லெனின்கிராட் கேட்க வேண்டாமா? நகரிலே எஞ்சியிருந்தது வானொலி நிலையத்தின் வாத்தியக் குழு ஒன்றே. நெறிப்படுத்தியவர் கார்ல் எலியாஸ்பேர்க். நூறு பேரளவில் வேண்டிய அப்பெரிய இசைக்கு, 1942 வசந்தத்திலே ஒத்திகைக்கு வந்து வாசிக்க வல்லவராய் இருந்தோர் பதினைந்து பேர் என்பர். ஊதுகுழற்காரர்க்கு ஊத மூச்சில்லை. போர்முனையிலே வாத்தியம் தெரிந்த படைவீரர் தேடப்பட்டு அனுப்பப்பட்டனர். வாத்தியக்காரர்க்கு உணவுப் பங்கு சற்றுக் கூட்டப்பட்டது. ஒத்திகைக் காலத்திலேயே சிலர் இறந்தனர். ஓகஸ்ட் 9 ஆம் நாள் மாலை கச்சேரி. அதற்கு முன்னே தளபதி கோவோரோவின் பீரங்கிகள் ஜெர்மன் பீரங்கி நிலைகளைத் தாக்கி வாயடைத்தன. எண்பது நிமிட அளவுள்ள அவ்விசை முடியும்வரை அரங்கின்மேல் குண்டு விழவில்லை. ஒலிபெருக்கிகள் வாயிலாக வீதிகளுக்கும் போர்முனைக்கும் இசை சென்றது; அகழிகளிலிருந்த ஜெர்மன் வீரரும் கேட்டனர்.

அவ்விசையின் முதற் பகுதியிலே மெல்லத் தொடங்கித் திரும்பத் திரும்ப வந்து பேரிரைச்சலாய் வளரும் ஒரு படைநடை உண்டு. அது ஹிற்லரின் படையைக் குறிக்குமா, அதற்கு முன்னமே வீடு வீடாய் வந்து கதவைத் தட்டிய வேறொன்றையும் குறிக்குமா என்று அறிஞர் வாதிடுவர். இசைக்குச் சொல் இல்லை. அதனால் வழக்குத் தீராது. கவிஞனுக்கு அந்தக் கவசம் கிடைப்பதில்லை.

இதுவரை சொன்னவற்றிலே ஒரு முரண் இருப்பதை ஆசிரிய அன்பர்கள் கண்டிருப்பார்கள். மதிலுக்கு வெளியே பகைவன் நின்ற ஆண்டுகளே, மதிலுக்கு உள்ளே கவிஞரும் இசைவாணரும் ஓரளவேனும் மூச்சுவிட்ட ஆண்டுகள். பசி இருந்தது, பொய் சற்றுக் குறைந்திருந்தது. மக்களின் நெஞ்சு வேண்டியிருந்தமையால், நெஞ்சோடு பேசத் தெரிந்தோரை அரசு விட்டுவைத்தது. போர் கலைக்கு நன்மை செய்தது என்று எவரும் இதிலிருந்து முடிவுசெய்தல் ஆகாது. பல இலட்சம் பிணத்தின்மேல் நின்று அவ்வாறு பேச நாக் கூசும். அமைதிக் காலத்திலே அந்நாட்டு அரசியல் எவ்வளவு இறுக்கமாயிருந்தது என்பதையே யுத்தம் அளந்து காட்டியது என்பேன்.

வெற்றி வந்தது, தேவை தீர்ந்தது. 1946 ஓகஸ்ட் 14 ஆம் நாள் கட்சியின் மத்தியகுழு, லெனின்கிராட்டின் இரு சஞ்சிகைகளைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. குறிவைக்கப்பட்டோர் அக்மத்தோவாவும் அங்கத எழுத்தாளர் சோஷ்செங்கோவும். தீர்மானத்தை விளக்கிப் பேசிய ஷ்தானொவ், அக்மத்தோவாவைப் பாதி கன்னியாஸ்திரீ, பாதி வேசி என்று இழித்துரைத்தார். முற்றுகைக் காலத்திலே லெனின்கிராட் கட்சித் தலைவராயிருந்தவர் இவரே என்பதை மறக்கலாகாது. எழுத்தாளர் சங்கத்திலிருந்து கவிஞர் நீக்கப்பட்டார். சங்கத்தோடு உணவுக் கூப்பனும் போயிற்று. அச்சிலே இருந்த தொகுதி அழிக்கப்பட்டது. 1948 பெப்ரவரியிலே ஷொஸ்டகோவிச்சின் முறை வந்தது. உலகெங்கும் சோவியத் வீரத்தின் குரலாய் ஒலித்த சிம்பனியை இயற்றியவர், மக்கட்கு ஒவ்வாத இசை செய்பவர் என்று கண்டிக்கப்பட்டு ஆசிரியப் பதவிகளை இழந்தார்.

அடுத்தது எனக்கு இவற்றினும் கொடியதாய்த் தோன்றுகிறது. முற்றுகையின் நினைவாக மக்கள் தாமே பொருள்கள் கொடுத்து உருவாக்கிய அருங்காட்சியகம் ஒன்று 1946 இலே திறக்கப்பட்டிருந்தது. லெனின்கிராட் தலைவர்கள்மேல் ஸ்ராலினுக்கு ஐயம் பிறக்க, 1949 இலே அது மூடப்பட்டது. 1953 இலே முற்றாகக் கலைக்கப்பட்டது. பெர்கோல்ட்ஸ் தம் வானொலி உரைகளைத் தொகுத்து வெளியிட்ட நூல் நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டது. நகரம் பட்டினி கிடந்ததை நகரமே நினைக்கக் கூடாது என்றாயிற்று. அருங்காட்சியகம் மீளத் திறக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அக்மத்தோவாவின் மகன் முகாமிலிருந்து போர்முனைக்குச் சென்று, பேர்லின் வரை போரிட்டுத் திரும்பியவன். 1949 நவம்பரிலே மீண்டும் கைதானான். தாய் இப்போது செய்தது அவர் வாழ்விலே பலரும் பேசக் கூசும் செயல். 1950 இலே 'ஒகொன்யோக்' என்னும் சஞ்சிகையிலே, ஸ்ராலினைப் புகழ்ந்து ஒரு கவிதைத் தொடர் வெளியிட்டார். பாடாண்திணை நமக்குப் புதிதன்று. மன்னரைப் பாடிப் புலவர்கள் பொன்னும் யானையும் பெற்றனர். அதிலே நாணுவதற்கு ஒன்றும் இல்லை. வேண்டாமென்றால் வேறு அரசனிடம் போகலாம் என்ற உரிமை அவர்களிடம் இருந்தது. கோவூர்கிழார் சொன்ன பறவை வாழ்க்கையின் கருத்தும் அதுவே. போக வேறு அரசன் இல்லாத நாட்டிலே, பிள்ளையைப் பரிசிலாகக் கேட்டுப் பாடிய பாட்டை எந்தத் துறையிலே வைப்பது? கவிதை என்ற அளவிலே அவை தாழ்ந்தவை. விமரிசகர் அவ்வாறு சொல்வது நேர்மையே. அவற்றைக் காட்டிக் கவிஞரின் நேர்மையை அளக்க முற்படுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பரிசிலும் கிடைக்கவில்லை. ஸ்ராலின் இறந்து மூன்றாண்டு கழித்து, 1956 இலேதான் மகன் வெளியே வந்தான். 1958 இலே வெளிவந்த தம் நூலை நண்பர்க்குக் கொடுத்தபோது, அத்தொடரிலிருந்து அதிலே சேர்ந்திருந்த கவிதைகளின்மேல் வேறு கவிதைகள் எழுதிய தாள்களை அக்மத்தோவா ஒட்டிக் கொடுத்தார்.

'றெக்குவியம்' 1963 இலே மியூனிக் நகரிலே, அவர் இசைவின்றியே, ருஷ்ய மொழியில் நூலாக வெளிவந்தது. 1965 இலே ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. 1966 மார்ச் 5 ஆம் நாள், ஸ்ராலின் இறந்த அதே திகதியிலே, அவர் மறைந்தார். 'றெக்குவியம்' அவர் பிறந்த நாட்டிலே முழுமையாய் அச்சேறியது 1987 இலே. 1946 ஆம் ஆண்டுத் தீர்மானம் விலக்கிக்கொள்ளப்பட்டது 1988 இலே.

அக்கவிதையின் முடிவிலே அவர் ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார். இந்நாட்டிலே தமக்கு என்றேனும் சிலை வைக்க எண்ணினால், பிறந்த கடற்கரையிலோ அரண்மனைப் பூங்காவிலோ வைக்க வேண்டாம். சிறைக் கதவு திறவாமல் மணிக்கணக்காய்த் தாம் நின்ற இடத்திலேயே வைக்க வேண்டும் என்பது அது. 2006 இலே, நேவா ஆற்றின் இப்பால், கிரெஸ்தி சிறைக்கு நேரெதிர்க் கரையிலே வெண்கலச் சிலை நிறுவினார்கள். சிறையிலிருந்த கைதிகள் 2017 இலே நகர்ப்புறத்துப் புதிய கட்டடத்துக்கு மாற்றப்பட்டனர். சிலை தலையைத் திருப்பி ஆற்றுக்கு அப்பாலுள்ள செங்கற் சுவரைப் பார்த்தவாறு நிற்கிறது.